ஸ்டார் ஸ்கீமா இன்னும் தேவையா? நெடுவரிசைச் சேமிப்புக் காலத்தின் தரவுக் கிடங்கு பற்றிய விவாத இழை

மார்ச் 3 – வாசகர் கேள்வி

ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளங்களின் நிர்வாகியாகப் பல ஆண்டுகள் இருந்தவன் நான். எங்கள் தரவுக் கிடங்கு (அறிக்கைகளுக்காகத் தரவைச் சேர்த்து வைக்கும் தளம்) இப்போது ஸ்னோஃப்ளேக் என்னும் மேகக்கணிச் சேவைக்கு மாறுகிறது. ஃபேக்ட் (விற்பனை போன்ற நிகழ்வுகளின் எண்கள்), டைமென்ஷன் (பொருள், வாடிக்கையாளர் போன்ற விவரங்கள்) என்று டேபிள்களைப் பிரிக்கும் ஸ்டார் ஸ்கீமாவெல்லாம் வட்டு விலை அதிகமாக இருந்த காலத்துப் பழக்கம், எல்லாவற்றையும் ஜாயின் செய்து (இணைத்து) ஒரே அகல டேபிளாக வைத்தால் போதும் என்று மாற்றத்தை நடத்தும் குழுவினர் சொல்கிறார்கள். இண்டெக்ஸ் கிடையாது, டேபிள்ஸ்பேஸ் கிடையாது, புள்ளிவிவரம் புதுப்பிக்கும் வேலையும் கிடையாதாம். இது சரியா? சரியென்றால் என் போன்றவருக்கு அங்கே என்ன வேலை?

மார்ச் 3, இரவு

பாதி சரி. ஸ்டார் ஸ்கீமாவுக்கு ஆதியிலிருந்தே இரண்டு காரணங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று வலுவிழந்துவிட்டது, மற்றது அப்படியே இருக்கிறது. உங்கள் குழுவினர் முதலாவதை மட்டும் பார்க்கிறார்கள்.

வலுவிழந்த காரணம் வேகம். 1988இல் ஐபிஎம்மின் பாரி டெவ்லினும் பால் மர்ஃபியும் வணிகத் தரவுக் கிடங்கு என்னும் கட்டமைப்பை எழுதியபோதும், அதற்குப் பின் 1990களில் பில் இன்மனும் ரால்ஃப் கிம்பலும் கிடங்கு வடிவமைப்புக்கு இரு வேறு பாதைகளை வகுத்தபோதும், பெரும்பாலான தளங்கள் ஒரு பதிவின் எல்லாப் புலங்களையும் வட்டில் அடுத்தடுத்து வைத்தன. இரண்டு புலங்களைக் கூட்டுவதற்கும் முழுப் பதிவையும் படித்தாக வேண்டும். ஆகவே கோடிக்கணக்கான பதிவுகள் கொண்ட ஃபேக்ட் டேபிளை எண்களும் கீகளும் (பிற டேபிளின் பதிவை அடையாளம் காட்டும் மதிப்புகள்) மட்டுமாக ஒல்லியாக வைத்து, விவரிக்கும் சொற்களையெல்லாம் சிறிய டைமென்ஷன் டேபிள்களுக்குத் தள்ளுவது பெரும் லாபமாக இருந்தது. ஒவ்வொரு நெடுவரிசையையும் தனித்தனியே வைக்கும் நெடுவரிசைச் சேமிப்பு அந்தக் கணக்கை மாற்றிவிட்டது. சைபேஸ் ஐக்யூ 1990களிலேயே இதைச் செய்தது என்றாலும், 2005இல் வெளிவந்த சி-ஸ்டோர் ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகுதான் இது பரவலானது. பிக்குவெரி, ரெட்ஷிஃப்ட், ஸ்னோஃப்ளேக் ஆகிய மேகக்கணிக் கிடங்குகள் வந்த பிறகு இதுவே இயல்பாகிவிட்டது. கேட்ட நெடுவரிசைகளை மட்டும் படிக்கும் தளத்தில், ஒரே நகரப் பெயர் பத்து லட்சம் முறை வந்தாலும் அகராதிக் குறியீடும் (சொல்லுக்குப் பதில் சிறு எண்) தொடர்ச்சிக் குறியீடும் (அடுத்தடுத்து வரும் ஒரே மதிப்பை ஒருமுறை எழுதி எண்ணிக்கை இடுவது) அதை மிகச் சிறியதாகச் சுருக்கிவிடும். அகலம் அங்கே ஒரு குற்றமே இல்லை.

மாறாத காரணம் கிரெய்ன், அதாவது ஒரு பதிவு எதைக் குறிக்கிறது என்ற உறுதி. ஓர் ஆர்டருக்கு அனுப்பும் கட்டணம் 100 என்றும் அந்த ஆர்டரில் மூன்று பொருள்கள் உள்ளன என்றும் கொள்வோம். ஆர்டரையும் பொருள்களையும் ஜாயின் செய்து ஒரே டேபிளாக வைத்தால் அந்த 100 மூன்று பதிவுகளிலும் வரும். அதைக் கூட்டுபவருக்கு 300 கிடைக்கும், பிழைச் செய்தி எதுவும் வராது. ஸ்டார் ஸ்கீமாவில் முதலில் கேட்கப்படும் கேள்வியே இந்த டேபிளின் கிரெய்ன் என்ன என்பதுதான். அனுப்பும் கட்டணம் ஆர்டர் கிரெய்னைச் சேர்ந்தது என்று தெரிந்தவுடன் அதைத் தனி ஃபேக்ட்டில் வைக்கிறோம், அல்லது ஒரு விதியின்படி பொருள்களுக்குப் பங்கிடுகிறோம். அகல டேபிளை விரும்புபவர்களும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். நான் பார்த்தவரையில் பெரும்பாலோர் அதைக் கேட்டுக்கொள்வதே இல்லை.

மார்ச் 4

ஒரு சிறு குறிப்பு. டேபிளை எட்டிப் பார்க்கத்தானே என்று செலக்ட் ஸ்டார் (எல்லா நெடுவரிசைகளையும் கேட்கும் நட்சத்திரக் குறி) எழுதி, கீழே லிமிட் 10 (பத்துப் பதிவு போதும்) போட்டால் செலவாகாது என்று நம்பும் பழக்கம் நம்மைப் போன்ற பழைய ஆட்களிடம் உண்டு. பிக்குவெரியில் படித்த பைட்டுகளுக்குக் கட்டணம் செலுத்தும் முறையில், கிளஸ்டர் செய்யாத (குறிப்பிட்ட நெடுவரிசைப்படி அடுக்காத) டேபிளில் லிமிட் போட்டாலும் படிக்கப்படும் அளவு குறையாது. அங்கே அகல டேபிளில் நட்சத்திரக் குறி போடுபவர் பத்துப் பதிவுகளைப் பார்க்க முழு டேபிளுக்கும் பணம் கட்டுகிறார். இதைக் கேட்டு நண்பர் ஒருவர் தம் குழுவின் எடிட்டரில் நட்சத்திரக் குறியையே தடை செய்துவிட்டார். பெருக்கல் கணக்கு எழுதுபவர்கள் இப்போது அவரோடு பேசுவதில்லை.

மார்ச் 6

கிரெய்ன் உடைவதைப் பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவுக்கும் தனித்துவமாக இருக்க வேண்டிய கீ) தடுத்துவிடுமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தரவுத்தளத்திலிருந்து கிடங்குக்கு வருபவர்கள் முதலில் விழும் குழி இதுதான், ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ரெட்ஷிஃப்டிலும் ஸ்னோஃப்ளேக்கின் சாதாரண டேபிள்களிலும் பிக்குவெரியிலும் பிரைமரி கீயை அறிவிக்கலாம், ஆனால் தளம் அதை அமல்படுத்தாது. ஒரே கீயுடன் ஐந்து பதிவுகளை நுழைத்தால் ஐந்தும் உள்ளே போகும். பல கணினிகளில் சிதறிக் கிடக்கும், இண்டெக்ஸ் இல்லாத பெரும் டேபிளில் ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தன்மையைச் சரிபார்ப்பது மிகுந்த செலவு பிடிக்கும் என்பதால் எடுத்த முடிவு அது. இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. ரெட்ஷிஃப்டில் குவெரியை (தரவைக் கேட்கும் கட்டளையை) எப்படி ஓட்டுவது என்று திட்டமிடும் பகுதி நீங்கள் அறிவித்த கீயை உண்மையென்று நம்பித் திட்டத்தை வகுக்கும். இந்த நெடுவரிசையில் மறுபதிவு இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டதால், டிஸ்டிங்க்ட் (மறுபதிவு இல்லாமல்) கேட்டாலும் மறுபதிவை நீக்கும் வேலையை அது விட்டுவிடக்கூடும். பொய்யான கீ, கீயே இல்லாததைவிட மோசமானது.

நான் முன்பு இருந்த ஓர் இடத்தில், பின்னேரத்தில் ஓடும் ஏற்றுதல் பாதியில் நின்று, தானாக மறுபடி ஓடியதில் ஒரு பகுதி விற்பனைப் பதிவுகள் இருமுறை ஏறிவிட்டன. எண்ணிக்கை குறைந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் யாராவது கூப்பிட்டிருப்பார்கள். கூடியிருந்ததால் யாரும் கூப்பிடவில்லை, விற்பனைப் பிரிவு அதைத் தன் திறமையென்றே எடுத்துக்கொண்டது. கணக்குப் பிரிவினர் மாத முடிவில் தங்கள் பேரேட்டோடு ஒப்பிட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது.

ஆகவே உங்களுக்கு வேலை இருக்கிறது. இதுவரை தளம் செய்த காவலை இனி, தரவைக் கிடங்குக்கு ஏற்றும் பைப்லைனில் நீங்கள் எழுத வேண்டும். ஒவ்வொரு டேபிளுக்கும் கீ தனித்துவமானதா, கட்டாயப் புலம் வெற்றாக இருக்கிறதா, ஃபேக்ட்டில் உள்ள கீ டைமென்ஷனில் உள்ளதா என்னும் மூன்றையும் ஏற்றிய பிறகு, வெளியிடுவதற்கு முன்பு சோதிக்க வேண்டும். டிபிடி போன்ற கருவிகளில் இவை சில வரிகளில் முடிந்துவிடும். கருவி இல்லாவிட்டாலும் இவை சிறிய குவெரிகள்தான், மறுபதிவைக் காண குரூப் பை, ஹேவிங் போட்டு எண்ணினால் போதும். எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரிந்திருப்பதில்தான் உங்கள் அனுபவம் பயன்படும்.

மார்ச் 6, பின்சேர்க்கை

மெர்ஜ் (கீ இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர் என்னும் கட்டளை) பயன்படுத்தினால் மறுபதிவு வராது என்பதும் முழு உண்மையில்லை. மூலத்திலேயே ஒரு கீ இருமுறை இருந்து, இலக்கில் அந்தக் கீ ஏற்கெனவே இருந்தால், ஸ்னோஃப்ளேக்கின் இயல்பு அமைப்பு பிழை காட்டி நின்றுவிடும், பிக்குவெரியும் அப்படியே. இலக்கில் இன்னும் இல்லாத புதிய கீயாக இருந்தால் இரண்டு பதிவுகளும் நுழைந்துவிடும். மெர்ஜுக்கு முன் மூலத்தை வடிகட்டுவது தவிர்க்க முடியாதது.

மார்ச் 9

இண்டெக்ஸ் பற்றிய அறிவெல்லாம் வீண்தானா என்ற கேள்விக்கு வருகிறேன். இண்டெக்ஸின் மர அமைப்பான பி-ட்ரீ வீண், ஆனால் தரவு எந்த வரிசையில் கிடக்கிறது என்ற அறிவு வீணல்ல. ஸ்னோஃப்ளேக் ஒரு டேபிளை, சுருக்குவதற்கு முன் 50 முதல் 500 மெகாபைட் வரையிலான நுண் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நெடுவரிசையின் குறைந்தபட்ச, அதிகபட்ச மதிப்புகளைக் குறித்து வைக்கிறது. உங்கள் நிபந்தனை அந்த எல்லைக்குள் விழாத பகுதிகளை அது திறப்பதே இல்லை. நெட்டீசா என்னும் கிடங்கு இயந்திரம் இதை ஸோன் மேப் என்றது, ஆரக்கிளின் எக்ஸாடேட்டா ஸ்டோரேஜ் இண்டெக்ஸ் என்றது, ஆகவே கருத்து உங்களுக்குப் புதிதல்ல.

தேதி வாரியாக ஏறிய தரவில் தேதி நிபந்தனை மின்னல்போல் ஓடும். அதே டேபிளை வாரம் ஒருமுறை வாடிக்கையாளர் எண் வரிசையில் முழுதாக மாற்றி எழுதினால் ஒவ்வொரு பகுதியிலும் எல்லாத் தேதிகளும் கலந்துவிடும். குவெரி ஓர் எழுத்தும் மாறாமல் மெதுவாகிவிடும், ஏன் என்று யாருக்கும் புரியாது. நிபந்தனையில் நெடுவரிசையை ஒரு ஃபங்ஷனுக்குள் மறைத்தாலும் இதே கதி நேரலாம். எஸ்க்யூஎல் சர்வரின் நெடுவரிசைச் சேமிப்பான காலம்ஸ்டோரிலும் இதன் தம்பி உண்டு. ரோகுரூப் என்னும் ஒரு பகுதி அதிகபட்சம் 10,48,576 பதிவுகள் கொள்ளும். மொத்தமாக ஏற்றும்போது ஒரு தொகுதியில் 1,02,400 பதிவுகளாவது இருந்தால்தான் நேராகச் சுருக்கிய வடிவில் சேரும், குறைந்தால் நெடுவரிசை வடிவுக்கு மாறாத டெல்டா ஸ்டோரில் தங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆயிரம் பதிவுகளாக ஏற்றிவிட்டு, காலம்ஸ்டோர் மெதுவாக இருக்கிறது என்று குறை சொல்பவர்களிடம் நான் முதலில் தொகுதி அளவைத்தான் கேட்பேன்.

மார்ச் 13

அகல டேபிளை நான் ஏற்கத் தயங்குவதற்கு இன்னொரு காரணம் வரலாறு. முதல் குறிப்பிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும், ஏனெனில் நடைமுறையில் கிரெய்னைவிட இதுவே அதிகச் சண்டைகளைக் கிளப்புகிறது.

ஒரு விற்பனையாளர் வட மண்டலத்திலிருந்து தென் மண்டலத்துக்கு மாறுகிறார். சென்ற ஆண்டு அவர் செய்த விற்பனை இப்போது எந்த மண்டலத்தில் தெரிய வேண்டும்? ஊக்கத்தொகை கணக்கிடுபவர் வடக்கு என்பார், அடுத்த ஆண்டின் இலக்கைத் திட்டமிடுபவர் தெற்கு என்பார், இருவரும் சரியாகவே சொல்கிறார்கள். இரண்டாம் வகை மாறும் டைமென்ஷனில் (பழைய பதிவை அழிக்காமல் புதியதைச் சேர்க்கும் முறை) அவருக்கு இரண்டு பதிவுகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, தனிச் செயற்கை கீ. ஃபேக்ட் டேபிள் விற்ற நாளில் நடப்பில் இருந்த பதிவைச் சுட்டும், இன்றைய மண்டலம் தனி நெடுவரிசையாக இருக்கும். இரு கேள்விகளுக்கும் விடை கிடைக்கும். தினமும் புதிதாகக் கட்டப்படும் அகல டேபிளில் இன்றைய மண்டலம் மட்டுமே இருக்கும். முடித்துக் கையெழுத்தான சென்ற ஆண்டின் அறிக்கை இன்று ஓட்டினால் வேறு எண் காட்டும்.

தேதி எல்லைகளை எழுதும்போது தொடக்கத்தை உள்ளடக்கியும் முடிவை விலக்கியும் வையுங்கள். முடிவுத் தேதியையும் உள்ளடக்கி பிட்வீன் எழுதினால், மாறிய நாளன்று நடந்த விற்பனை இரண்டு பதிவுகளோடும் ஒட்டி இரட்டிக்கும். டைமென்ஷன் பதிவு வருவதற்கு முன்பே ஃபேக்ட் வந்துவிட்டால் அதைத் தள்ளிவிடாதீர்கள். தெரியாதவர் என்று ஒரு பதிவை டைமென்ஷனில் வைத்து அதற்குச் சுட்டி, பிறகு திருத்துங்கள். தள்ளிவிட்டால் மொத்தத் தொகை குறையும். ஏன் குறைந்தது என்று கண்டுபிடிப்பது, தெரியாதவர் என்ற தலைப்பின்கீழ் ஒரு தொகை நிற்பதைப் பார்ப்பதைவிடப் பன்மடங்கு கடினம்.

டேபிளின் பழைய நிலையைப் படிக்க உதவும் டைம் டிராவல் வசதி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள், ஸ்னோஃப்ளேக்கில் அது இயல்பாக 1 நாள் என்பதையும், உயர்ந்த பதிப்பில்கூட 90 நாளுக்கு மேல் போகாது என்பதையும் பார்க்க வேண்டும். அது தவறி அழித்ததை மீட்பதற்கான வசதி, வணிக வரலாற்றை வைத்துக்கொள்ளும் இடமல்ல.

மார்ச் 14

தினமும் ஒருமுறை ஸ்னாப்ஷாட் எடுத்து வரலாற்றைக் கட்டலாமா என்றால், கட்டலாம். காலையில் மாறி மாலையில் திரும்ப மாறியது அதில் தெரியாது என்பதை மட்டும் எழுதி வைத்துவிடுங்கள்.

மார்ச் 18

மேலே உள்ள எல்லாம் மூலத்திலிருந்து தரவு முழுமையாக வருகிறது என்ற அனுமானத்தில் எழுதப்பட்டவை. அந்த அனுமானத்தை இப்போது கொஞ்சம் குலைக்கிறேன்.

பலரும் கடைப்பிடிக்கும் வழி, கடைசியாகப் படித்த திருத்த நேரத்தை நினைவில் வைத்து, அதற்குப் பின் திருத்தப்பட்டவற்றை மட்டும் எடுப்பது. மூலத்தில் ஒரு நீண்ட டிரான்சாக்‌ஷன் (ஒரே தொகுப்பாக முடியும் மாற்றங்கள்) பத்து மணிக்குத் தொடங்கி, பதிவுகளில் பத்து மணி என்று நேரமிட்டு, பத்தேகாலுக்கு கமிட் ஆகிறது (உறுதியாகி மற்றவர்களுக்குத் தெரிகிறது) என்று வையுங்கள். பத்தே பத்துக்குப் படித்த உங்கள் பைப்லைன், வேறு பதிவுகளின் நேரத்தைப் பார்த்துக் குறியைப் பத்தே பத்துக்கு நகர்த்திவிட்டது. அந்த டிரான்சாக்‌ஷனின் பதிவுகளை அது அப்போது பார்க்கவில்லை, இனிமேலும் பார்க்காது. மூலத்தில் டெலீட் ஆனவையும் இந்த முறையில் என்றென்றும் கிடங்கில் உயிரோடிருக்கும். இதை விளங்கிக்கொள்வதற்கு ஐசோலேஷன் (முடியாத மாற்றம் மற்றவருக்குத் தெரியாதிருப்பது), கமிட் வரிசை என்பவை தெரிந்திருக்க வேண்டும். பைப்லைன் எழுதும் இளைஞர்கள் பலருக்கு அவை பழக்கமில்லை, உங்களுக்கு அது அன்றாடம்.

எளிய தீர்வு, ஒவ்வொரு முறையும் சற்றுப் பின்னோக்கிச் சென்று, மூலத்தின் மிக நீண்ட டிரான்சாக்‌ஷனைவிட அதிகமான இடைவெளியை மறுபடி படித்து, திரும்ப ஓடினாலும் விளைவு மாறாதபடி மெர்ஜ் செய்வது. முழுமையான தீர்வு, டெபீசியம் போன்ற கருவியைக் கொண்டு, மூலத் தளம் தன் மாற்றங்களை எழுதிவைக்கும் லாக்கிலிருந்தே அவற்றைப் படிப்பது. அதற்கும் விலை உண்டு. போஸ்ட்கிரெஸ்ஸில் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை (லாக் எதுவரை படிக்கப்பட்டது என்று தளம் வைக்கும் குறி) திறந்துவைத்துவிட்டு படிக்கும் கருவி நின்றுபோனால், யாரும் படிக்காத லாக் கோப்புகளைத் தளம் அழிக்காமல் சேர்த்து வைத்துக்கொண்டே போகும், மூல அமைப்பின் வட்டு நிரம்பி வணிகமே நிற்கும். பதிப்பு 13 முதல் ஸ்லாட் பிடித்து வைக்கும் லாக்குக்கு உச்சவரம்பு இடும் அமைப்பு இருக்கிறது. அதன் இயல்பு நிலை வரம்பின்மை என்பதால் நீங்களாகவே இட வேண்டும். வரம்பைத் தாண்டினால் ஸ்லாட் செல்லாததாகும், முழு ஏற்றுதலை மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். எது குறைந்த தீமை என்று மூல அமைப்பின் பொறுப்பாளரோடு முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.

மார்ச் 22

அகல டேபிளைப் பற்றி நான் கடுமையாக எழுதிவிட்டதாக இருவர் சொல்லியிருக்கிறார்கள். என் எதிர்ப்பு அது எங்கே வைக்கப்படுகிறது என்பதைப் பற்றியது. ஃபேக்ட், டைமென்ஷன்களைச் சரியாகக் கட்டி, கிரெய்னை உறுதிசெய்து, அதிலிருந்து ஒரு குறிப்பிட்ட டாஷ்போர்டுக்காக இறுதிப் படியில் அகல டேபிளை உருவாக்குவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை, நானே செய்கிறேன். அது விளைபொருள், தேவையில்லாதபோது அழித்துவிட்டு மறுபடி கட்டலாம். அதுவே மூல உண்மையாகிவிடும்போதுதான் இரண்டாவது வணிகச் செயல்பாடு வந்து சேர்ந்து எல்லாம் குலைகிறது. விற்பனையும் திரும்பப் பெறுதலும் ஒரே அகல டேபிளில் உட்கார மறுக்கும். பொதுவான தேதி, பொருள், வாடிக்கையாளர் டைமென்ஷன்கள் இருந்தால் இரண்டையும் தனித்தனியே கூட்டிப் பிறகு பக்கத்தில் வைக்கலாம்.

மைக்ரோசாஃப்ட்டின் அறிக்கைக் கருவியான பவர் பிஐ பயன்படுத்துபவர்களுக்கு இன்னொன்று. அதன் உள் இயந்திரமும் நெடுவரிசை வகைதான். ஆயினும் மைக்ரோசாஃப்ட்டின் சொந்த வழிகாட்டுதலே ஸ்டார் ஸ்கீமாவைப் பரிந்துரைக்கிறது, ஏனெனில் வடிகட்டி டைமென்ஷனிலிருந்து ஃபேக்ட்டுக்குப் பாய்வதை அடிப்படையாகக் கொண்டே அந்த மாடல் அமைந்திருக்கிறது. நெடுவரிசைச் சேமிப்பு வந்தவுடன் ஸ்டார் ஸ்கீமா போய்விடும் என்ற வாதத்துக்கு இது நல்ல மறுப்பு.

மார்ச் 23

மொத்தங்களை முன்பே கணக்கிட்டு வைக்கும் பழைய கியூப்களை எல்லோரும் கேலி செய்கிறார்கள். அவற்றிடம் இருந்த ஓர் அறிவு தொலைந்துபோனதை மட்டும் நினைவூட்டுகிறேன். கணக்கில் உள்ள இருப்புத் தொகையைக் கிளைகளுக்கு இடையே கூட்டலாம், நாள்களுக்கு இடையே கூட்டக்கூடாது. எஸ்க்யூஎல் சர்வர் அனாலிசிஸ் சர்வீசஸில் இதை அளவீட்டின் பண்பாகவே அறிவிக்க முடிந்தது, யார் எந்தக் கருவியில் இழுத்துப் போட்டாலும் கடைசி நாளின் இருப்பே வரும். வெறும் டேபிளில் சம் போடுபவரை எதுவும் தடுப்பதில்லை. இன்று செமான்டிக் லேயர் என்று புதிதாகப் பேசப்படுவதில் நல்ல பகுதி, இந்த அறிவைத் திரும்ப ஓரிடத்தில் வைக்கும் முயற்சியே.

மார்ச் 25

அதே குவெரி, அதே தரவு, இருமுறை ஓட்டினால் கடைசி இலக்கம் மாறுகிறது என்று கேட்டவருக்கு: தொகைப் புலம் ஃப்ளோட்டாக இருக்கிறதா என்று பாருங்கள். மிதவைப் புள்ளி எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் விடையும் மிகச் சிறிதளவு மாறும். பல கணினிகள் இணையாகக் கூட்டும்போது வரிசை ஒவ்வொரு முறையும் வேறாகலாம். பணத்துக்கு டெசிமல் மட்டுமே.

மார்ச் 29

செலவு பற்றி யாரும் கேட்கவில்லை, முதல் பில் வந்ததும் கேட்பார்கள். ஸ்னோஃப்ளேக்கில் ஒரு விர்ச்சுவல் வேர்ஹவுஸ் (குவெரிகளை ஓட்டும் கணினித் தொகுதி) எழும் ஒவ்வொரு முறையும் குறைந்தது 60 விநாடிக்குக் கட்டணம், அதன் பிறகு விநாடிக் கணக்கு. தானாக உறங்கும் அவகாசம் பத்து நிமிடம் என்று இருந்து, ஒரு டாஷ்போர்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிய குவெரிகளோடு புதுப்பித்துக்கொண்டால், யாரும் பார்க்காத இரவிலும் அது உறங்கவே உறங்காது. முன்பு சர்வரின் சிபியு வரைபடத்தைப் பார்த்த அதே கண்ணோடு இப்போது குவெரி வரலாற்றையும் கட்டணத்தையும் பாருங்கள். நான் பார்த்த இடங்களில் பெரும் செலவு பெரிய குவெரிகளால் வந்ததில்லை, யாரோ கைவிட்டுப் போன சிறிய குவெரிகள் விடாமல் ஓடியதால் வந்தது.

ஏப்ரல் 2

லேக்ஹவுஸ் (கோப்புகளாகக் கிடக்கும் தரவின் மேல் கிடங்கு வசதிகளைத் தரும் தளம்) வகைகளுக்கும் இவை பொருந்துமா என்ற கடைசிக் கேள்விக்கு: பெரும்பாலும் பொருந்தும். டெல்டா லேக்கில் நாட் நல்லும் (வெற்றாக விடக்கூடாது) செக் நிபந்தனையும் (மதிப்புக்கான விதி) அமலாகும், ஆனால் டேட்டாபிரிக்ஸில் பிரைமரி கீ அறிவிப்பு தகவலுக்கு மட்டுமே. ஐஸ்பெர்க்கில் அடையாளப் புலங்களைக் குறிக்கலாம், தனித்தன்மையை அது உறுதிசெய்யாது. ஆகவே மார்ச் 6 குறிப்பில் உள்ள சோதனைகள் மூன்றும் அங்கேயும் வேண்டும். கூடுதலாக ஒரு பராமரிப்பு வேலை சேரும். அடிக்கடி சிறு தொகுதிகளாக எழுதினால், தரவு வைக்கப்படும் பார்க்கே கோப்புகள் ஆயிரக்கணக்கில் பெருகி, தரவைப் படிப்பதைவிடக் கோப்புகளைத் திறப்பதற்கே அதிக நேரம் போகும். அவற்றை அவ்வப்போது பெரிய கோப்புகளாகத் தொகுப்பதையும் பழைய ஸ்னாப்ஷாட்களைக் கழிப்பதையும் கால அட்டவணையில் போட்டுவிடுங்கள். கழிக்கும் முன் எத்தனை நாள் பின்னோக்கிப் படிக்கும் வசதி வேண்டும் என்று தணிக்கைப் பிரிவைக் கேட்டு, எழுத்தில் வாங்கிவிடுங்கள்.